பதினெட்டு முழத் தலைப்பாகை

“தேர் மூணு நாளா மேலவீதி முக்குலயே நிக்குது, அம்மா,” என்றார் அமைச்சர் அரங்கேசர்.

“சக்கரம் உடைஞ்சு போச்சா?” என்று கேட்டார் பாறையம்மை.

“சக்கரம் நல்லாத்தான் இருக்கு. வடம் பிடிக்கத்தான் ஆள் இல்ல. வந்தவங்கள்லயே இளந்தாரிக்கு வயசு ஐம்பத்தாறு.”

அரங்கேசர் அம்மையின் சீடர். வயதில் அம்மையைவிடப் பதினாறு ஆண்டு மூத்தவர். ஆனாலும் நாட்டில் எது கோளாறானாலும் குன்றேறி வந்து அம்மை முன்னால்தான் உட்காருவார்.

இந்த முறை கோளாறு பெரிது. நாட்டில் பிள்ளை பிறப்பதே அரிதாகிவிட்டது. பள்ளிக்கூடத்தில் வாத்தியார் நான்கு பேர், மாணவர் மூன்று பேர். அடுத்த தேருக்குள் வீட்டுக்கு வீடு தொட்டில் ஆடவேண்டும், இல்லாவிட்டால் உமது தலைப்பாகை வேறொருவர் தலைக்குப் போய்விடும் என்று ராஜா சொல்லிவிட்டார். பதினெட்டு முழப் பட்டு அது. அதை இழப்பதை நினைத்தாலே அரங்கேசருக்குச் சோறு இறங்கவில்லை.

“நீங்க என்ன பண்ணீங்க?”

“பண்ணாதது என்ன? புதுசா கல்யாணமானவங்க வாசல்ல தினம் முரசு அடிக்கச் சொன்னேன். ஒரு பிள்ளை பெத்தவங்க வீட்டுக்கு மாசாமாசம் ஆள் அனுப்பி, ரெண்டாவது எப்போன்னு கேக்கச் சொன்னேன்.”

“என்ன சொல்றாங்க?”

“ஆளைக் கண்டாலே கதவைச் சாத்துறாங்க. ஏன் பெத்துக்க மாட்டேங்குறாங்க, அம்மா? அதுதான் எனக்குப் புரியல.”

பாறையம்மை எழுந்து குடிசைக்குள் போனார். எட்டு மாதக் குழந்தை ஒன்றை எடுத்துவந்து அமைச்சரின் மடியில் வைத்தார்.

“கொஞ்சம் பிடிங்க. பதிலோட வர்றேன்.”

போனவர் வரவில்லை.

குழந்தை முதலில் அமைச்சரின் மீசையைப் பார்த்தது. பிடித்துப்போயிற்று போலும், இழுத்தது. பிறகு அழுதது. அப்புறம் குன்றின் அடிவாரம்வரை கேட்கும்படி அழுதது.

அரங்கேசர் தம்மோடு வந்த பரிவாரத்தைத் திரும்பிப் பார்த்தார். பிள்ளைச் செல்வத்தின் பெருமையை ஊரூராகப் பாடிய புலவருக்குத் திடீரென்று தொண்டை கட்டிக்கொண்டது. கஷாயம் குடிக்கப் போனார். முரசுக்காரருக்கு வீட்டில் மாடு கன்று போடும் நாள் நினைவுக்கு வந்தது. ரெண்டாவது எப்போ என்று வீடுவீடாகக் கேட்டுவந்த காவலர் சொல்லிக்கொள்ளாமலே இறங்கிவிட்டார்.

“யாராவது கொஞ்சம் பிடிங்கப்பா,” என்றார் அமைச்சர்.

வேப்பமரம் மட்டும் நின்றது.

தட்டினார், பாடினார், நடந்தார். நாட்டையே கட்டி ஆண்டவர் எட்டு மாதப் பிள்ளையிடம் திண்டாடிப்போனார். பட்டு வேட்டி நனைந்தது, அதையும் பொறுத்துக்கொண்டார். கடைசியில் தலைப்பாகையை மளமளவென்று அவிழ்த்து, வேப்பங்கிளையில் தூளி கட்டி, குழந்தையைப் போட்டு ஆட்டினார்.

அழுகை நின்றது. ஆட்டுவதை நிறுத்தினால் மறுபடி தொடங்கியது. ஆகவே ஆட்டிக்கொண்டே நின்றார்.

வெயில் தாழ்ந்தபின் உள்ளேயிருந்து ஒரு பெண் கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்தாள்.

“அப்பா, நீங்களா?”

அவருடைய ஒரே மகள் செங்கமலம். அரங்கேசர் தூளிக்குள் எட்டிப் பார்த்தார். பேர் வைத்த அன்று பார்த்த பிள்ளை. அதற்குப் பிறகு ஊர்த் தொட்டில்களைப் பற்றிய கவலையிலேயே பொழுது போய்விட்டது.

“நம்ம பேரனா இது?”

“ஆமாப்பா. ஆள் பத்தலன்னு இவங்க அப்பாவையும் எல்லைக் காவலுக்கு அனுப்பிட்டீங்க. மத்தியானத்துல அம்மை பிள்ளையைப் பாத்துக்குவாங்க. தூங்கத்தான் தினமும் இங்க வர்றேன்.”

அமைச்சருக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

“உங்க ஆள் போன வாரமும் வந்தாருப்பா. ரெண்டாவது எப்போன்னு கேட்டாரு. தூங்கி எழுந்து சொல்றேன்னேன்.”

தூளிக்குள் குழந்தை நெளிந்தது. அவள் எடுக்கக் கை நீட்டினாள்.

அரங்கேசர் பட்டைப் பிடித்த பிடியை விடவில்லை.

“மெதுவாப் பேசும்மா,” என்றார். “நீ போய்ப் படு. இன்னும் கொஞ்ச நேரம் தூங்கு.”