எழுதாத கொட்டாவி

ஈரோட்டில் ஒரு பலகாரக் கடைக்கு மேல் மாடியில் சென்னியப்பன், மயில்சாமி, நாச்சிமுத்து என்று மூன்று பேர் வேலை பார்த்தார்கள். அமெரிக்க டாக்டர்கள் எழுதும் நோய்க்குறிப்பைப் படித்து அதற்குரிய எண்ணைப் போடுவது வேலை. மூன்று பேருக்கும் சேர்த்துத் தாடை மூட்டு ஒன்றைத்தான் கொடுத்திருந்தார்கள். முழு உடம்பையும் நம்பிக் கொடுக்கிற அளவுக்கு நிர்வாகம் அசடு இல்லை.

வலது தாடை மூட்டுக்கு ஓர் எண். இடதுக்கு வேறு எண். இரண்டும் என்றால் இன்னொன்று. எந்தப் பக்கம் என்றே தெரியாவிட்டால் கடைசியில் ஒரு எண் உண்டு. ஆனால் அதைப் போட்டால் பில் திரும்பி வரும், பின்னாலேயே மேலதிகாரி சுபத்ரா மேடமும் வருவார்.

மேடம் முதல் நாளே சொல்லிவிட்டார். "டாக்டர் எழுதினது நடந்தது. எழுதாதது நடக்கவே இல்லை. நடுவுல உங்க மூளை வேண்டாம்."

கடைசி வாக்கியம் மூவருக்கும் மிகவும் பிடித்துப்போனது. ஒருமுறை கூரையிலிருந்து மின்விசிறி கழன்று மேசைமேல் விழுந்தது. யாரும் எழுதவில்லை என்பதால் அதைச் சுற்றிப் போய் வேலை பார்த்தார்கள்.

அப்படியிருக்க, ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் சென்னியப்பன் பெரிதாக ஒரு கொட்டாவி விட்டான். திறந்த வாய் திறந்தபடியே நின்றுவிட்டது. அன்று சாயங்காலம் கோபியில் அவனுக்கு நிச்சயதார்த்தம். ஏழெட்டு இடம் பார்த்து, எல்லாரும் உதட்டைப் பிதுக்கிய பிறகு அமைந்த சம்பந்தம் அது. பாவம், அவன் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"டே, இவன் வாய் மாட்டிக்கிச்சு!" என்றான் மயில்சாமி.

"எந்த டாக்டர் எழுதினாரு?" என்றான் நாச்சிமுத்து.

"யாரும் எழுதலை."

"அப்பப் புரளி கிளப்பாதே."

சென்னியப்பனுக்கே அது நியாயமாகப் பட்டது. ஆனாலும் வலித்தது.

"சரி, ஒரு பேச்சுக்கு நடந்துச்சுன்னே வெச்சுக்குவோம்," என்றான் மயில்சாமி. "எந்தப் பக்கம்?"

சென்னியப்பன் தன் வலது கன்னத்தைத் தொட்டுக் காட்டினான். எதிரே நின்ற மயில்சாமிக்கு அது இடக்கைப் பக்கம் இருந்தது. முதுகுப் பக்கம் நின்ற நாச்சிமுத்துவுக்கு வலக்கைப் பக்கம் இருந்தது. நாற்காலியைச் சுழற்றிப் பார்த்தார்கள். இப்போது இவனுக்கு வலம், அவனுக்கு இடம். மறுபடி சுழற்றினார்கள். சென்னியப்பனுக்குத் தலை சுற்றியதுதான் மிச்சம்.

கடைசியில் தகராறே வேண்டாம் என்று இருவரும் அவன் முதுகுப் பக்கம் போய் நின்றார்கள்.

"இங்கிருந்து பார்த்தா வாய் திறந்திருக்கறதே தெரியலையே!" என்றான் மயில்சாமி.

"பாத்தியா, சரியாப் போச்சு," என்று நாச்சிமுத்து உட்காரப் போனான்.

நல்லவேளை, மேடம் வந்துவிட்டார். பார்த்ததும் தலையில் அடித்துக்கொண்டு, மூவரையும் எதிர்க்கட்டடத்துப் பல் டாக்டர் பர்வீனிடம் விரட்டினார். டாக்டர் கையுறை போட்டு, இரண்டு கட்டை விரலையும் வாய்க்குள் விட்டுக் கடைவாய்ப் பற்களைக் கீழே அழுத்திப் பின்னால் தள்ளினார். டக்கென்று வாய் மூடிக்கொண்டது.

"அப்பாடா!" என்றான் சென்னியப்பன்.

"டாக்டர், ஒண்ணும் எழுதலீங்களே?" என்றான் மயில்சாமி.

அடுத்த நோயாளி காத்திருந்தார். டாக்டர் அவசரமாகக் கிறுக்கிக் கொடுத்தார். படியிறங்கும்போது மயில்சாமி சத்தமாக வாசித்தான். "தாடை மூட்டு விலகல். வாயை மூட முடியவில்லை. வியாழக்கிழமை வரவும்."

மூவரும் நின்றுவிட்டார்கள்.

"மூடினதா எழுதலையே," என்றான் நாச்சிமுத்து.

சென்னியப்பன் சீட்டை வாங்கி இரண்டுதரம் படித்தான். மரியாதையாக வாயைத் திறந்துகொண்டான்.

கோபியில் மாப்பிள்ளை வாயைப் பிளந்தபடியே வந்து மணையில் உட்கார்ந்தான். பெண் கோகிலவாணி, பஸ் ஸ்டாண்ட் பக்கத்தில் ஜெராக்ஸ், லேமினேஷன் கடை வைத்திருப்பவள். அவளைக் கண்டதும் அவனுக்கு இன்னும் கொஞ்சம் திறந்துகொண்டது.

பெண்ணின் அப்பா கருப்பணன் எழுந்தார். "மாப்பிள்ளை அவர் வாயால சம்மதம்னு ஒரு வார்த்தை சொல்லோணும். போன தடவ ஒருத்தன் தலைய மட்டும் ஆட்டிட்டுப் போயி, ஆட்டவே இல்லைன்னு சாதிச்சுட்டான்."

சென்னியப்பன் வாயைத் திறந்தபடியே விழித்தான். ஒரு நிமிஷம் மூடினால் போதும், சொல்லிவிடலாம். ஆனால் வியாழக்கிழமைக்கு முன் எப்படி மூடுவது? தாம்பூலத் தட்டு பின்வாங்கத் தொடங்கியது.

"டாக்டர் சீட்டுல திறந்துதாங்க இருக்கு. எழுதாம மூட முடியாதுங்க," என்று மயில்சாமி சீட்டை நீட்டினான்.

கோகிலவாணி அதைப் படித்தாள். பிறகு மூன்று பேரையும் ஒவ்வொருவராகப் பார்த்தாள். சிரிக்கவில்லை. நிச்சயப் பத்திரிகை எழுதிக்கொண்டிருந்த தாய்மாமனிடம் திரும்பினாள்.

"மாமா, அதுலயே ஒரு வரி சேர்த்துருங்க. மாப்பிள்ளை தன் வாயால் சம்மதம் சொன்னார். சொல்லி முடித்து வாயை மூடிக்கொண்டார்."

மாமா எழுதினார். சபையில் வாசித்தார்.

"எழுதியாச்சு! நடந்துருச்சு!" என்று நாச்சிமுத்து துள்ளினான். சென்னியப்பன் நிம்மதியாக வாயை மூடினான். கருப்பணனும் எழுத்தில் இருக்கிறதே என்று சமாதானமாகித் தட்டை மாற்றினார். அப்படி ஒரு சந்தோஷம் சென்னியப்பனுக்கு வாழ்நாளில் வந்ததில்லை.

பந்தியில் இலை போட்டார்கள். பசி காதை அடைத்தது. சென்னியப்பன் சோற்றைப் பிசைந்து, கவளத்தை உதடு வரைக்கும் கொண்டுபோய் அப்படியே நிறுத்தினான்.

மயில்சாமிக்குப் புரிந்துவிட்டது. எழுந்து ஓடினான். "ஏனுங்க, சாப்பிட வாய் திறந்தார்னு இன்னொரு வரி எழுதிக் குடுத்துருங்களேன்!"

"கடைக்குக் குடுத்தனுப்பி லேமினேட் பண்ணியாச்சுங்களே," என்றாள் கோகிலவாணி, பளபளக்கும் பத்திரிகையை விசிறிக்கொண்டு. "இனி ஒண்ணும் எழுத முடியாதுங்க."

அதற்குள் நாச்சிமுத்து, சென்னியப்பன் இலையிலிருந்த ஜாங்கிரியை எடுத்து வாயில் போட்டுக்கொண்டான். சென்னியப்பன் வாய் திறக்காமல் கண்ணாலேயே அதட்டினான்.

"என்னடா முறைக்கிறே?" என்றான் நாச்சிமுத்து, மென்றுகொண்டே. "நான் தின்னதா எங்காச்சும் எழுதியிருக்கா?"

சென்னியப்பன் யோசித்தான். எங்கும் எழுதியிருக்கவில்லை. குனிந்து, தன் இலையில் ஜாங்கிரியைத் தேட ஆரம்பித்தான்.