இரும்பு அரக்கர் போட்டிக்கு விதி எழுதிய தேவாங்கு

ஒரு காட்டில் கைப்பேசிக் கோபுரம் ஒன்று இருந்தது. காட்டுக்குள் எதற்குக் கோபுரம் என்று கேட்காதீர்கள், பிள்ளைகளே. இந்தக் கதையில் யானையே கைப்பேசி வைத்திருக்கிறது. அதை நம்பப் போகிறவர்கள் கோபுரத்தையும் நம்பிவிடுங்கள்.

அந்தக் காட்டு விலங்குகளுக்கு 'இரும்பு அரக்கர்' என்ற விளையாட்டின் மேல் ஒரே பைத்தியம். பனைமர உயரத்துக்கு ரோபோக்கள் திரையில் எழுந்து நிற்கும். ஒன்றையொன்று முட்டும், மோதும், நொறுக்கும். யானை தும்பிக்கை நுனியால் விளையாடும். குரங்கு கை கால் நான்கையும் போட்டு விளையாடும். முள்ளம்பன்றி ஒரு முள்ளைப் பிடுங்கி அதனால் திரையைக் குத்தும்.

அதே காட்டில் ஒரு தேவாங்கும் இருந்தது. கையளவு உடம்பு, முகம் முழுக்கக் கண். ஒரு கிளையிலிருந்து மறு கிளைக்குப் போவதற்குள் பார்ப்பவருக்குக் கொட்டாவி வந்துவிடும். அப்படி ஒரு பிராணி இருப்பதே பாதிப் பேருக்குத் தெரியாது. ஆனால் விளையாட்டுக்குள் நுழைந்துவிட்டால் அதன் ரோபோ யானையின் ரோபோவுக்குத் தோளுக்குத் தோள் சமமாக நிற்கும். காட்டில் வேறு எங்கேயும் கிடைக்காத மரியாதை அங்கே கிடைத்தது. அதனால் தேவாங்குக்கு அந்த விளையாட்டு உயிர்.

ஆண்டுக்கு ஒரு முறை பெரிய போட்டி நடக்கும். ஜெயித்தவருக்கு ஒரு முழுத் தேனடை பரிசு. போன ஆண்டுப் போட்டி அடிதடியில் முடிந்தது. தோற்றவர்கள் எல்லாம் "அநியாயம்! அநியாயம்!" என்று கத்தியதில் புலியின் பகல் தூக்கம் கெட்டது. புலிக்கு ரோபோவும் தெரியாது, போட்டியும் தெரியாது. தூக்கம் நன்றாகத் தெரியும்.

"இதோ பாருங்கடா, இந்த வருஷம் எவனாவது தோத்துட்டு அநியாயம்னு ஒரு சத்தம் போட்டான், யானையை விட்டு அந்தக் கோபுரத்தையே சாய்ச்சுப் போட்டுருவேன். அப்புறம் விளையாட்டும் கிடையாது, ஒண்ணும் கிடையாது," என்று உறுமியது புலி.

எல்லோரும் கூடிப் பேசினார்கள். யாரும் குறை சொல்ல முடியாதபடி விதி எழுத வேண்டும். யார் எழுதுவது? எல்லோருக்கும் விளையாட ஆசை; பொறுப்பை ஏற்க ஒருவருக்கும் ஆசையில்லை. கடைசியில் யாரிடமும் 'முடியாது' என்று சொல்லிப் பழகாத தேவாங்கின் தலையில் அதைக் கட்டினார்கள்.

தேவாங்கு ஒரு தேக்கிலையை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தது. உட்கார்ந்ததுதான் தாமதம், யானை வந்து நின்றது.

"தங்கச்சி, நியாயமா ஒரு விதி சொல்றேன், எழுதிக்கோ. அவனவன் உடம்பு எடை எவ்வளவோ, அவனவன் ரோபோ எடையும் அவ்வளவுதான் இருக்கணும். கடவுள் கொடுத்த எடையை நாம மாத்தலாமா?"

அந்த விதி வந்தால் தேவாங்கின் ரோபோ எலுமிச்சம்பழம் அளவுக்குச் சுருங்கிப்போகும். இருந்தாலும் யானையிடம் எப்படி மறுத்துப் பேசுவது? "சரிங்க அண்ணே," என்று எழுதிக்கொண்டது.

அடுத்து குரங்கு குதித்து வந்தது. அதன் வீடு கோபுரத்தை ஒட்டிய ஆலமரத்தில். சிக்னல் அங்கே கொட்டோ கொட்டென்று கொட்டும். "அக்கா, எல்லாரும் அவங்கவங்க வீட்டுல இருந்துதான் விளையாடணும். யாரையும் அலைய விடக்கூடாது பாருங்க. எனக்காக இல்லை, பாவம் முள்ளம்பன்றிக்காகச் சொல்றேன். அவன் கால் குட்டை."

"சரி, தம்பி."

முள்ளம்பன்றி மூச்சு வாங்கிக்கொண்டு வந்தது. பள்ளத்துக் குழியில் அதன் வீடு. மழைக்காலத்தில் தவளைச் சத்தம் வரும், சிக்னல் வராது. "அக்கா, என் குழியில அடிக்கடி சிக்னல் போயிடும். அப்படிப் போனா, நான் திரும்பி வர்ற வரைக்கும் எதிராளி கையைக் கட்டிக்கிட்டு நிக்கணும். ஒரு நாளானாலும் நிக்கணும்."

ஏழைக்கு இரக்கப்பட்ட தேவாங்கு அதையும் எழுதியது. எழுதும்போதே ஒரு சந்தேகம். தோற்கப் போகிற நேரமாகப் பார்த்துச் சிக்னல் போனால் என்ன செய்வது? கேட்க வாயெடுத்தது. முள்ளம்பன்றி அதற்குள் முள்ளைச் சிலிர்த்துக்கொண்டதால் வாயை மூடிக்கொண்டது.

கடைசியாக நரி வந்தது. போன ஆண்டுத் தேனடையை வாங்கியது அதுதான். வாங்கிய நாளிலிருந்து அது நடப்பதில்லை, பவனி வருகிறது.

"தேவாங்கம்மா, போன வருஷம் ஜெயிச்சவன் நேரா கடைசி ஆட்டத்துக்கு வந்துடணும். மத்தவங்க முதல்ல அடிச்சுக்கட்டும். ஒரு ஆட்டம் தோத்தாலும் அவன் வெளியே. மிஞ்சி வர்றவன் என்கிட்ட வரட்டும்."

"ஆட்டத்துக்கு மேல ஆட்டம் ஆடிக் களைச்சு வர்றவங்களோட நீங்க புதுசா ஆடுவீங்களா?" என்று மெல்லக் கேட்டது தேவாங்கு. அதன் வாழ்நாளிலேயே அதுதான் பெரிய எதிர்ப்பு.

"இதுல என்ன தப்பு? என் இடத்துல உட்கார்ந்து பாத்தா எவ்வளவு நியாயம்னு யாருக்கும் புரியும்!" என்று வாலை ஒரு சுழற்றுச் சுழற்றிவிட்டுப் போனது நரி.

தேவாங்கு தேக்கிலையைப் பார்த்தது. நான்கு விதி. நான்கும் நியாயம் என்ற பெயரில் வந்தவை. இப்படியே போட்டி நடந்தால் முதல் நாள் மத்தியானத்துக்குள் "அநியாயம்!" என்று யாராவது கத்துவது உறுதி. கோபுரம் சாய்வதும் உறுதி. தேவாங்குக்கு அழுகை முட்டியது. உருண்டைக் கண்ணை மூடிக்கொண்டு கிளையைக் கட்டிப் பிடித்தபடி யோசித்தது. மெதுவாகத்தான் யோசித்தது, அதற்கு வேறு விதமாக யோசிக்கத் தெரியாது. நரி சொன்ன சொல் மட்டும் காதைவிட்டுப் போகவில்லை. என் இடத்தில் உட்கார்ந்து பார்த்தால்...

சட்டென்று கண்ணைத் திறந்தது.

பொழுது சாய்வதற்குள் கோபுரத்தடிப் பாறையில் எல்லோரையும் கூட்டியது.

"நீங்க கேட்ட விதி எல்லாத்தையும் அப்படியே ஏத்துக்கிட்டேன்," என்றது தேவாங்கு.

"ஆகா! இதுவல்லவா தீர்ப்பு!" என்று யானை பிளிறியது.

"நான் ஒண்ணே ஒண்ணு சேத்திருக்கேன். யாருடைய இடம் யாருக்குன்னு குலுக்கிப் போட்டு எடுக்கப் போறோம். யானை அண்ணன் பேரு எழுதின இலை யாருக்கு வருதோ, அவங்களுக்கு அண்ணனோட கனத்த ரோபோ. குரங்குத் தம்பி பேரு யாருக்கு வருதோ, அவங்க ஆலமரத்துல இருந்து ஆடலாம். முள்ளம்பன்றி பேரு வந்தா அந்தப் பள்ளத்துக் குழி, அந்தக் குட்டி ரோபோ. நரியாரோட பேரு வந்தவங்களுக்கு நேரா கடைசி ஆட்டம். நாளைக்கு மத்தியானம் குலுக்கல். விதியை மாத்தணும்னு நினைக்கிறவங்க அதுக்குள்ள வந்து சொல்லுங்க."

நால்வரும் ஒருவரையொருவர் ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டு கலைந்தார்கள்.

மறுநாள் விடிந்ததும் விடியாததுமாக யானை, யாரும் பார்க்காதபடி, பதுங்கிப் பதுங்கி வந்தது. யானை பதுங்கினால் எப்படியிருக்கும் என்று நீங்களே நினைத்துப் பாருங்கள்.

"தங்கச்சி, அந்த எடை விதியை அடிச்சுடு. எல்லா ரோபோவும் ஒரே எடைன்னு போடு. அந்தக் குழியிலே என் தும்பிக்கைகூட நுழையாது. அந்தத் தகர டப்பா ரோபோவை வச்சுக்கிட்டு நான் யாரை அடிக்கிறது?"

"சரிங்க அண்ணே." தேவாங்கு ஆசை ஆசையாக அந்த வரியை அடித்தது.

குரங்கு வந்தது. "அக்கா, வீட்டுல இருந்து ஆடுறதெல்லாம் சரிப்படாது. எல்லாரும் இந்தப் பாறையில வரிசையா உட்கார்ந்து ஆடினா எல்லாருக்கும் ஒரே சிக்னல். முள்ளம்பன்றியும் மெதுவா நடந்து வரட்டும். நடை உடம்புக்கு நல்லதுதானே?"

முள்ளம்பன்றி வந்தது. "யாரோ என் குழியில உட்கார்ந்துக்கிட்டு, தோக்கப் போற நேரமாப் பாத்துச் சிக்னல் போச்சுன்னு சொன்னா, நான் கையைக் கட்டிக்கிட்டு நிக்கணுமா அக்கா? அநியா..." என்று ஆரம்பித்து, புலி நினைவு வந்து குரலைத் தாழ்த்தியது. "சிக்னல் போனா அந்த ஆட்டத்தை முதல்ல இருந்து ஆடுவோம். அதுவும் ஒரு தடவைதான்."

நரிதான் கடைசியில் வந்தது. முகத்தில் தூக்கமே இல்லை.

"தேவாங்கம்மா, ஜெயிச்சவன் நேரா கடைசி ஆட்டத்துக்கு வர்றது... அது சரியில்ல. எல்லாரும் முதல் ஆட்டத்துல இருந்தே ஆடட்டும். அப்புறம், ஒரு ஆட்டம் தோத்ததும் வெளியேன்னா என்ன கொடுமை! என் கெட்ட நேரம், முதல் ஆட்டத்துலயே யானை வந்து மாட்டினா? தோத்தவனுக்கு இன்னொரு வாய்ப்பு வேணும். ரெண்டாவது தடவை தோத்தாத்தான் வெளியே. இதை எழுதாம நான் நகர மாட்டேன்."

"எழுதிட்டேன், நரியாரே."

மத்தியானம் குலுக்குவதற்கு இடம் எதுவும் மிச்சமில்லை. ஒரே பாறை, ஒரே சிக்னல், ஒரே எடை. யாருக்கு எதிரே யார் என்பதை மட்டும் இலை எடுத்து முடிவு செய்தார்கள்.

விதி எழுதிய தேவாங்கு இந்த ஆண்டு ஆடாமல் நடுவராக உட்கார, போட்டி தொடங்கியது. நரி முதல் ஆட்டத்தில் முள்ளம்பன்றியை மண்ணைக் கவ்வ வைத்தது. அடுத்து குரங்கையும் கவிழ்த்தது. காது வரை சிரிப்பு அதற்கு. முள்ளம்பன்றியோ தோற்றவர்கள் வரிசையில் போய் நின்றது. அங்கே யானையை வென்றது. குரங்கையும் வென்றது. குத்திக் குத்தி முள்முனை மழுங்க, வேறு முள் பிடுங்கிக்கொண்டு கடைசி ஆட்டத்துக்கு வந்து நரியின் எதிரே உட்கார்ந்தது.

அந்த ஆட்டத்தில் நரியின் ரோபோ தலை வேறு, உடம்பு வேறாக விழுந்தது.

"எனக்கும் இன்னொரு வாய்ப்பு உண்டே!" என்று அலறியது நரி.

"உண்டு, உண்டு. உங்களுக்கும்தானே விதி," என்றது தேவாங்கு.

மறுபடியும் ஆடினார்கள். இந்த முறை நரியின் ரோபோ எத்தனை துண்டாகப் போனது என்று எண்ண முடியவில்லை.

பாறையில் ஒரு சத்தமில்லை. புலி தூக்கத்திலிருந்து ஒரு கண்ணைத் திறந்தது. "என்னடா அமைதி? எவனுக்காவது அநியாயமா?"

யானை தயக்கத்தோடு போய்க் கோபுரத்தருகே நின்றது. புலி சொல்லிவிட்டால் இடித்துத்தானே ஆக வேண்டும்? எல்லோரும் நரியையே பார்த்தார்கள்.

நரி வாயைத் திறந்தது. சிக்னலைக் குறை சொல்லலாம் என்று பார்த்தது. பக்கத்தில்தான் முள்ளம்பன்றியும் உட்கார்ந்திருந்தது. ரோபோவைக் குறை சொல்லலாம் என்று பார்த்தது. இரண்டும் ஒரே எடை. தோற்றுப்போன முள்ளம்பன்றியை எவன் திரும்ப வரவிட்டான் என்று கேட்கலாம் என்றால், நகர மாட்டேன் என்று அடம்பிடித்து அந்த விதியை எழுத வைத்தது யார்? திறந்த வாய் திறந்தபடியே நின்றது.

"சொல்லித் தொலையேன்!" என்று உறுமியது புலி.

"ஒண்ணுமில்லீங்க ஐயா," என்றது நரி, அசடு வழிய. "முள்ளம்பன்றி என்னைவிட நல்லா ஆடினான். நான் தோத்துட்டேன்."

அப்படி ஒரு வார்த்தையை அந்தக் காடு அதுவரை கேட்டதே இல்லை. புலி கொட்டாவி விட்டபடி புரண்டு படுத்தது. யானை பெருமூச்சு விட்டுக் கோபுரத்தைவிட்டு விலகி வந்தது. தேவாங்கு சந்தோஷம் தாங்காமல் அழுதேவிட்டது.

நீதி: எந்த இடம் வாய்த்தாலும் நாம் ஏற்றுக்கொள்ளத் தயாராக இருக்கிற விதியே எல்லோருக்கும் நியாயமான விதி.