இருபதடி தள்ளி

கோமதிநாயகம் தபால்காரர். ஓய்வு பெற இன்னும் பதினேழு நாள்தான் இருந்தது. அந்த நாட்களை நிம்மதியாகக் கழிக்கவிடாமல் அவரைப் படுத்தியவர் அணைந்தபெருமாள். அவர் இரண்டு வருடத்துக்கு முன்பே ஓய்வு பெற்று, எழுபது மைலுக்கு அப்பால் யாருக்கும் தொந்தரவில்லாமல் இருந்தார்.

இருவரும் ஒரே தபால் நிலையத்தில் முப்பது வருடம் சைக்கிள் மிதித்தவர்கள். இருவருக்கும் குருவும் ஒருவரே. ஆற்றங்கரையில் யாரோ கைவிட்டுப்போன பம்புசெட்டு அறையில் குடியிருந்ததால் ஊர் அவரைப் பம்புசெட்டு சாமி என்றது. முன்பு லேத் பட்டறையில் வேலை பார்த்தவர். கோமதிநாயகத்தைவிட ஒன்பது வயது இளையவர். அதனால் குரு சீடரை அண்ணாச்சி என்பார். சீடர் குருவைச் சாமி என்பார். இதில் இருவருக்கும் கூச்சம் இருந்ததில்லை.

பெருமாள் ஓய்வு பெற்ற கையோடு, இருந்த வீட்டை விற்றுவிட்டுச் செந்தேரிவிளைக்குக் குடிபோனார். நம் பக்கம் பாலைவனம் ஏது என்று கேட்பவர்கள் அந்த ஊரைப் பார்த்திருக்க மாட்டார்கள். கண்ணுக்கெட்டிய மட்டும் சிவப்பு மணல் மேடுகள்தான்; தேரி என்பார்கள். நடுவில் நாலு தெரு, ஒரு பஸ் ஸ்டாண்டு, கொஞ்சம் பனை. ஆடிக்காற்று அடித்தால் மேடுகளே இடம் மாறும். காலையில் வாசல் பெருக்கினால் ஒரு பெட்டி மணல் சேரும்.

"புத்தியுள்ளவன் அங்க போய்க் குடியிருப்பானா?" என்று கோமதிநாயகம் அப்போது ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தார்.

பிறகு கடிதங்கள் வர ஆரம்பித்தன. மாதம் ஒரு இன்லேண்ட் லெட்டர், சாமி பெயருக்கு. கொண்டுபோய்க் கொடுக்க வேண்டியவர் கோமதிநாயகம்.

சாமி அங்கேயே பிரித்து உரக்க வாசிப்பார்.

"'மணல் காலையில் குளிர்ந்து கிடக்கிறது. வெறுங்காலோடு நடக்கிறேன். மூட்டுவலி போன இடம் தெரியவில்லை. படுத்தால் தூக்கம் வருகிறது. ஒருவரும் வந்து கதவைத் தட்டுவதில்லை.' பாத்தீங்களா அண்ணாச்சி, நல்லா இருக்காரு." சாமியின் முகம் மலர்ந்துவிடும்.

அந்த மலர்ச்சிதான் கோமதிநாயகத்துக்கு ஆகாது. இருபது வருடமாகத் தானும்தான் வந்து உட்கார்ந்திருக்கிறார். தினமும் காலையில் தூக்குவாளியில் காப்பி வாங்கி வருகிறவர் அவர்தான். ஒரு நாளும் சாமி அவரைப் பார்த்து இப்படி மலர்ந்ததில்லை. பாதிக் கடிதத்தில் அவருக்கு வயிறு எரியத் தொடங்கும்.

"மிச்சத் தபால் கிடக்கு சாமி" என்று பையை எடுத்துக்கொண்டு எழுந்துவிடுவார்.

இப்படி இரண்டு வருடம் ஓடியது. எரிச்சல் மெல்ல ஆசையாக மாறியது. தானும் தேரிக்குப் போக வேண்டும், பெருமாளைவிட நல்ல வீடாகப் பார்க்க வேண்டும், அங்கிருந்து இரண்டு இன்லேண்ட் நிறைய எழுத வேண்டும். மளிகைக்கடைக்காரர் ஒருவர் அவர் வீட்டை வாங்கிக்கொள்வதாகச் சொல்லியிருந்தார். திங்கட்கிழமைக்குள் முடிவு சொல்வதாகப் பேச்சு.

மனைவி ஆவுடையம்மாள் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்.

"எங்க கூப்பிட்டாலும் வாரேன். எதுக்குப் போறோம்னு மட்டும் சொல்லுங்க."

"அங்க அமைதியா இருக்குமாம்."

"இங்க யாரு உங்களை அடிச்சா?"

அவர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வெளியே போய்விட்டார். புதன்கிழமை காலையில் காப்பியோடு போய் சாமி முன்னால் உட்கார்ந்தார்.

"சாமி, ஓய்வுக்குப் பெறவு நானும் தேரிக்குப் போயிடலாமான்னு பாக்கேன். நீங்க சொல்லணும்."

சாமி காப்பியை ஆற்றினார். "வீட்டுல என்ன சொல்லுதாங்க?"

"அவ வாரேங்கா."

"வீட்டை வித்தா திரும்ப வாங்க முடியுமா?"

"அது முடியாது சாமி. வாங்குதவரு இடிச்சுட்டு குடோன் கட்டப் போறாரு."

சாமி ஆற்றைப் பார்த்துக்கொண்டு காப்பியைக் குடித்து முடித்தார்.

"மூணு நாள் லீவு போடுங்க. பெருமாள் வீட்டுல போய் இருங்க. ஒரு ஊத்து தோண்டிட்டு வாங்க. பெறவு பேசுவோம்."

செந்தேரிவிளையில் அப்படி ஒரு வழக்கம் உண்டு. அங்கே குழாய்த் தண்ணீர் வாரத்துக்கு ஒரு நாள். மற்ற நாளுக்கு ஒவ்வொரு வீட்டுக்கும் மணல் மேட்டின் அடிவாரத்தில் ஒரு ஊற்று. இடுப்பளவு தோண்டினால் தண்ணீர் கசியும். அள்ளிய பிறகு ஓலைத்தட்டி போட்டு மூடிவிட்டு வர வேண்டும். வெளியூர்க்காரர் யாராவது குடியேற நினைத்தால், முதலில் தன் கையால் ஊற்று தோண்டிக் காட்ட வேண்டும். அதில் தண்ணீர் நின்றால்தான் அந்த ஊரில் அவருக்கு மனை கொடுப்பார்கள்.

வியாழக்கிழமை மத்தியானம் பஸ்ஸை விட்டு இறங்கினார் கோமதிநாயகம். பெருமாள் பஸ் ஸ்டாண்டுக்கே வந்து நின்றார். கறுத்திருந்தார், இளைத்திருந்தார். அதுவும் கோமதிநாயகத்தின் கண்ணுக்கு ஆரோக்கியமாகத்தான் பட்டது.

"வாரும் ஓய். சாமி எப்படி இருக்காரு?"

"இருக்காரு."

"இருமல் இருந்துச்சே, குறைஞ்சுதா?"

இவனுக்கு எப்படி இருமல் தெரியும் என்று கோமதிநாயகத்துக்குச் சுருக்கென்றது. சாமி கடிதம் போட்டிருப்பாரோ? தினம் பார்க்கிற தனக்கு ஒரு வரி எழுதியதில்லையே. எதிரே உட்கார்ந்திருப்பவருக்கு எதற்குக் கடிதம் என்று அவருக்குத் தோன்றவில்லை. பொறாமை வந்துவிட்டால் மனிதனுக்குக் கணக்கெல்லாம் இப்படித்தான் போகும்.

சாப்பிடும்போது பெருமாள் மறுபடி ஆரம்பித்தார்.

"சாமிக்கு இப்பவும் காப்பியில சீனி கம்மியாத்தானே வேணும்?"

தனக்குத்தான் எல்லாம் தெரியும் என்று காட்டுகிறான் என நினைத்துக்கொண்டார் கோமதிநாயகம். "ஆமா" என்பதோடு நிறுத்திக்கொண்டார். கேட்டவர் இலையைப் பார்த்தபடியே சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தார்.

மறுநாள் காலையில் பெருமாள் தன் ஊற்றைக் காட்டக் கூட்டிப்போனார். தட்டியை விலக்கியதும் கோமதிநாயகம் அசந்துபோனார். சிவப்பு மணலுக்கு நடுவே அடி தெரிகிற தண்ணீர். குனிந்து ஒரு கை அள்ளிக் குடித்தார். இனித்தது. இனித்ததும் வயிறு எரிந்தது.

"நாளைக்கு உமக்கு ஒண்ணு தோண்டிரலாம்வே. இருபதடி தள்ளித் தோண்டணும். அதுதான் இங்க முறை."

"ஏன் இருபதடி?"

"மணலு அப்படி."

நல்ல நீரோட்டம் இங்கே இருக்கிறது. நம்மை இருபதடி தள்ளி அனுப்பப் பார்க்கிறான். கோமதிநாயகத்தின் மனம் அப்படித்தான் எடுத்துக்கொண்டது. அன்று முழுவதும் வேறு எதுவும் அவர் காதில் ஏறவில்லை.

சனிக்கிழமை விடிந்ததும், பெருமாள் பால் வாங்கப் போயிருந்த நேரம், மம்பட்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். பெருமாளின் ஊற்றிலிருந்து நாலடி தள்ளி நின்று குறி போட்டார். அதுகூட அவர் மனசாட்சிக்காக விட்ட நாலடி. முட்டியளவு தோண்டினார், ஈரம் தெரிந்தது. தொடையளவு தோண்டினார், கால் நனைந்தது. இடுப்பளவு போனபோது தண்ணீர் வந்தேவிட்டது. அவன் சொன்னதெல்லாம் பொய் என்று சந்தோஷமாக நிமிர்ந்தார்.

அப்போதுதான் நடுவிலிருந்த மணல் சரிந்தது. சத்தமே இல்லை. தட்டியோடு சேர்ந்து பெருமாளின் ஊற்று உள்ளே இறங்கியது. அந்த மணல் முழுவதும் இவர் குழிக்குள் வந்து இவரை இடுப்பு வரை பிடித்துக்கொண்டது. சற்று நேரத்தில் அங்கே ஊற்று இருந்த அடையாளமே இல்லை. சிவப்புச் சேற்றில் நட்டுவைத்த கம்பம் மாதிரி கோமதிநாயகம் மட்டும் நின்றார்.

பெருமாள் பால் சொம்போடு வந்து பார்த்தார். சொம்பை ஓரமாக வைத்துவிட்டு இறங்கி, அவரைக் கைகொடுத்து இழுத்து மேலே போட்டார். வேட்டியைத் தட்டிவிட்டார்.

"அடி பட்டுச்சா?"

"இல்ல."

"போவட்டும்."

அவ்வளவுதான். மேட்டோரமாக இருபதடி அளந்து நடந்துபோய், அறுபதைத் தாண்டிய வயதில், முதலிலிருந்து தோண்ட ஆரம்பித்தார். அவர் திட்டியிருந்தால் கோமதிநாயகத்துக்கு நன்றாக இருந்திருக்கும். இரண்டு வார்த்தை திருப்பிச் சொல்லி மனசை ஆற்றிக்கொண்டிருப்பார். பெருமாள் கேட்காமலே இவரும் கூடப் போய் மணலை அள்ளிக் கொட்டினார். மத்தியானத்துக்குள் தண்ணீர் வந்தது, கலங்கல்தான். தெளிய ஒரு வாரம் ஆகும் என்றார் பெருமாள்.

பஸ் ஏறும்போது ஓர் இன்லேண்ட் லெட்டரைக் கையில் கொடுத்தார். "சாமிகிட்ட குடுத்துரும். தபால்ல போட்டாலும் நீருதான கொண்டுபோகணும்."

கடிதம் வழி முழுக்கச் சட்டைப் பையில் உறுத்தியது. முப்பது வருடத்தில் அவர் அடுத்தவர் கடிதத்தைப் பிரித்ததில்லை. தன்னைப் பற்றி என்ன கோள் எழுதியிருக்கிறானோ என்று தவித்தாரே தவிர, அன்றும் பிரிக்கவில்லை. அந்த ஒரு மரியாதையை அவரிடமிருந்து பொறாமையாலும் பிடுங்க முடியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை காப்பியோடு கடிதத்தையும் சாமி முன்னால் வைத்தார்.

"ஊத்து தோண்டினீங்களா?"

பொய் சொல்லத்தான் வாயெடுத்தார். வந்ததென்னவோ உண்மை. நாலடி, சரிவு, பால் சொம்பு எல்லாவற்றையும் சொல்லி முடித்தார். சாமி சிரிக்கவுமில்லை, கடிந்துகொள்ளவுமில்லை. கடிதத்தை அவரிடமே தள்ளினார்.

"இன்னைக்கு நீங்க வாசிங்க."

கோமதிநாயகம் பிரித்து வாசித்தார். மணல் குளிர்ச்சி. வெறுங்கால் நடை. நல்ல தூக்கம். மடிப்பு வரைக்கும் வந்து நிறுத்தினார்.

"அப்புறம் வழக்கம்போலதான் சாமி."

"முழுசா வாசிங்க அண்ணாச்சி. இன்னைக்கு மிச்சத் தபால் இல்லையே."

அவர் மடிப்பைத் திருப்பினார்.

"'இவ்வளவும் இருந்து என்ன சாமி. விழித்ததும் கோமதி இந்நேரம் உங்களுக்குக் காப்பி கொண்டுவந்திருப்பான் என்று நினைப்பு வருகிறது. உங்கள் எதிரே உட்கார்ந்திருப்பான், நீங்கள் பேசுவதைக் கேட்டுக்கொண்டிருப்பான் என்று நினைத்தால் வயிறு எரிகிறது. அவன் இங்கே வந்த மூன்று நாளும் அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை. ஊற்று இடிந்தபோதுகூடக் கோபம் வரவில்லை. நாளைக் காலை இவன் உங்கள் முன்னால் இருப்பானே என்றுதான் இருந்தது. நான் திரும்பி வந்துவிடட்டுமா?'"

ஆற்றில் யாரோ துணி துவைக்கும் சத்தம் கேட்டது. கோமதிநாயகம் கடைசி வரியை இன்னொரு தடவை மனசுக்குள் வாசித்தார்.

"இந்த மாசம்தான் இப்படி எழுதியிருக்காரா சாமி?"

"ரெண்டு வருசமா இதைத்தான் எழுதுதாரு. அந்தப் பழைய இருமல் எப்படின்னு கேப்பாரு, காப்பியில சீனி எவ்வளவுன்னு கேப்பாரு, வரட்டுமான்னு கேப்பாரு."

"எனக்கு ஒரு தடவைகூட நீங்க இதை வாசிக்கலையே."

"எல்லாத் தடவையும் வாசிச்சேன். நீங்க பையை எடுத்துட்டுப் போயிருந்தீங்க."

கோமதிநாயகத்துக்குக் காது சுட்டது. கடிதத்தைப் பார்த்தபடியே கேட்டார்.

"என்ன பதில் எழுதினீங்க?"

"இதுவரைக்கும் எழுதலை. இப்ப எழுதலாம்னு இருக்கேன். கிளம்பி வாங்கன்னு."

"இங்க இடம் ஏது சாமி?"

கேட்ட பிறகுதான் என்ன கேட்டோம் என்று அவருக்கே உறைத்தது. அறை அத்தனை சின்னது. பழைய மோட்டார் மேடையில் சாமி உட்கார்ந்தால், எதிரே ஒருவர் வசதியாக உட்காரத்தான் இடம். அந்த இடத்தில் இப்போது அவர் இருந்தார். கை தானாகத் தூக்குவாளியை இழுத்துப் பக்கத்தில் வைத்துக்கொண்டது.

"உங்க இடம் இருக்கே. நீங்கதான் தேரிக்குப் போறீங்களே."

கோமதிநாயகம் கடிதத்தை மடித்துச் சாமி முன்னால் வைத்தார்.

"அவரு வீடு காலியாயிரும். மணல் அப்படியேதான் குளுந்து கிடக்கும். யாரும் வந்து கதவைத் தட்ட மாட்டாங்க. நீங்க கேட்டது எல்லாம் அங்க இருக்கும்." சாமி காலித் தம்ளரைக் கீழே வைத்தார். "பெருமாள் இல்லாத தேரியில நீங்க யாரு ஊத்துப் பக்கத்துல தோண்டுவீங்க, அண்ணாச்சி?"

கோமதிநாயகம் பையைத் தேடிக் கையை நீட்டினார். பை வீட்டில் இருந்தது. அன்று ஞாயிற்றுக்கிழமை.