முதுகில் ஊதும் டப்பா

சிரிப்பு காட்டுகிறேன். ஆனால் இப்போது இல்லை. முதலில் புல் கருக வேண்டும்.

கருகிவிட்டது.

உடுமலைப் பக்கம் ஒரு கிரிக்கெட் மைதானம். ஒரு கோடியில் பஜ்ஜிக் கடை. மறுகோடியில் நாயைக் கட்டிப்போட்ட ஷெட். மேற்குப் பாதியில், கடையோரம் புல் தீய்ந்து கிடந்தது. ஷெட்டோரம் வெளிறிக் கிடந்தது.

உரத்தண்ணி அடித்தவர் ராக்கியப்பன். முப்பது வருஷம் டவுன் பஸ் ஓட்டி ஓய்வு பெற்று, புல் வேலைக்கு வந்தவர்.

மைதானச் செயலாளர் மூக்கால் பேசுவார்.

"இன்னும் கெழக்குப் பாதி இருக்கு பாருங்ங்க. அதுவும் இப்படி ஆச்சுன்னா நீங்க வீட்டுலயே இருந்துக்கலாம் பாருங்ங்க."

ராக்கியப்பன் பூவாத்தாளிடம் போனார். மைதானத்துப் புல்லுக்கெல்லாம் அவள்தான் தலைமை. வயது முப்பத்திரண்டு. குயிலுக்குக் குயிலாகப் பதில் கொடுப்பாள். செயலாளரின் இருமலை அவருக்கு முன்னால் இருமிவிடுவாள்.

"அம்மணி, மிஷினு சரியில்லீங்க. ஒரு எடத்துல கொட்டுது. ஒரு எடத்துல சிந்தவே மாட்டேங்குது."

அவள் தெளிப்பானில் வெறும் தண்ணீர் ஊற்றினாள். அவரை நிற்க வைத்து, தண்ணீர் பீய்ச்சும் முனைக்கடியில் மக்கைப் பிடித்தாள். ஒரு நிமிஷம். முக்கால் மக்.

இன்னொரு நிமிஷம். முக்கால் மக்.

மூன்றாவது தடவையும் அதே முக்கால்.

"மிஷினு ஒரே மாதிரிதான் ஊத்துதுங்ணா."

"அப்பப் புல்லுதான் சரியில்லீங்க."

கடையோரமும் ஷெட்டோரமும் ஐம்பது மீட்டருக்குச் சுண்ணாம்புக் கோடு போட்டாள். நடக்கச் சொன்னாள். கடையோரம் நாற்பது விநாடி. நாயோரம் இருபத்தெட்டு.

"இதுல என்னங்க தப்பு? ஸ்டாப்புல கூட்டம் நின்னா மிதிப்போம். டீக்கடை வந்தா உருட்டுவோம். முப்பது வருஷ சர்வீசுங்க."

பூவாத்தாள் உள்ளே போனாள். கறுப்பு டப்பா ஒன்றோடு வந்தாள். அவர் முதுகில் இருந்த தெளிப்பானோடு அதைக் கம்பி போட்டுக் கட்டினாள்.

"புதுக் கருவிங்ணா. நடை மாறினா ஊதும். மெதுவானா ரெண்டு விசில். வேகமானா ஒண்ணு."

"நம்ம கண்டக்டர் விசிலுங்க."

"அதேதான். நடக்கறப்பத் திரும்பிப் பாக்காதீங்க. கெட்டுரும்."

ராக்கியப்பன் மோந்து பார்த்தார்.

"நார்த்தங்கா வாசம் அடிக்குதுங்களே அம்மணி."

"புதுசுல அப்படித்தானுங்ணா அடிக்கும்."

இன்னும் சிரிக்க வேண்டாம். அவர் நடக்கட்டும்.

நடந்தார். எண்ணெய் காயும் வாசம் வந்தது. கால் தயங்கியது.

வீ, வீ.

கால் தானாக எட்டிப் போட்டது.

ஷெட்டோரம் வந்தார். நாய் குரைத்தது. கால் பறந்தது.

வீ.

கால் அடங்கியது.

"கறுப்பண்ணன்னு ஒரு கண்டக்டருங்க," என்றார் கோட்டைத் தொட்டதும். "அவங்கூட இத்தனை கறாரா ஊதுனதில்லீங்க."

மூன்று நாள் வெறும் தண்ணீர்தான். நான்காம் நாள் கடையோரம் முப்பத்தைந்து விநாடி, நாயோரமும் முப்பத்தைந்து. டப்பா வாயே திறக்கவில்லை.

"இப்ப யூரியாவக் கரைங்ணா," என்றாள் பூவாத்தாள்.

பத்து நாள் கழித்துச் செயலாளர் வந்தார். கிழக்குப் பாதியை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை பார்த்தார். ஒரே பச்சை.

"வேலையில இருங்க பாருங்ங்க."

"நானில்லீங்க. எல்லாம் டப்பாவோட புண்ணியமுங்க. இன்னொண்ணு வாங்கிப் போடுங்க."

"எந்த டப்பா?" என்று செயலாளர் கேட்கும்போது ராக்கியப்பன் பஜ்ஜிக் கடைக்குப் புறப்பட்டிருந்தார்.

வெயில் இதமாக இருந்தது. மிளகாய் பஜ்ஜி எண்ணெயில் விழுந்தது. கால் தயங்கியது.

வீ, வீ.

கால் எட்டிப் போட்டது. ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு.

"இன்னிக்காச்சும் சும்மா இரு சாமி," என்றபடி, டப்பாவைப் பொத்த முதுகுக்குக் கையைக் கொண்டுபோனார்.

கையில் சட்டைதான் அகப்பட்டது.

இன்னும் கொஞ்சம் மேலே தடவினார். அங்கேயும் சட்டை.

ராக்கியப்பன் முதல் தடவையாகத் திரும்பிப் பார்த்தார்.

பத்தடி பின்னால் பூவாத்தாள் நின்றிருந்தாள். ஒரு கையில் திறந்த கறுப்பு டப்பா, அதில் பாதி தின்ற தயிர்சோறு, ஓரத்தில் நார்த்தங்காய். உதடு இன்னும் குவிந்தே இருந்தது.