யாரும் பார்க்காத திரை

மீனவர் ஊரான இராயப்பன்துறையில் ஒரு வழக்கம் உண்டு. கடலுக்குப் போகலாமா, வேண்டாமா என்று சாயங்காலம் நாலு மணிக்கு மாதா கோயில் மைக்கில் சொல்வார்கள். அதைக் கேட்ட பிறகுதான் வள்ளங்கள் இறங்கும்.

அந்தப் பொறுப்பு இந்த வருஷம் தொம்மையிடம் வந்தது. ஐம்பத்தொன்பது வயது. முப்பது வருஷம் வள்ளத்து எஞ்சின்களைப் பழுது பார்த்த கை. அவருக்குக் கணினி சொல்லிக்கொடுத்தவர் சிஸ்டர் அமலோற்பவம். மகள் வயதுதான் இருக்கும். ஆனாலும் சிஸ்டர் உள்ளே வந்தால் தொம்மை எழுந்து நிற்பார்.

அன்றைக்கு எழுந்திருக்கவில்லை.

இடது கையில் ஜெபமாலை. வலது கை மவுஸின் மேல். ஒரு மணி உருட்டுவதும், மவுஸை ஒரு தள்ளுத் தள்ளுவதுமாக உட்கார்ந்திருந்தார்.

"என்னண்ணே, சாப்பிடலையா?" என்றார் சிஸ்டர்.

"அசைய முடியாது சிஸ்டர். அசைஞ்சா செத்துப்போவும்."

அலையைத் தடுக்கக் கடலுக்குள் நீளும் கல்வளைவின் முனையில் ஒரு சின்ன அறை. அதற்குள் ஒரு சின்ன கணினி. அதற்குத் திரை கிடையாது, மவுஸ் கிடையாது. கடலில் கிடக்கும் மிதவை சொல்வதைக் கேட்டு, அலை எப்படி எழும்பும் என்று மூன்று மணி நேரம் கணக்குப் போடும். போடப்போட அதைப் படமாகவும் வரையும். வரைவதற்கு அதனிடம் பலகை இல்லாததால், இங்கே கோயில் அலுவலகத்தில் இருக்கும் லேப்டாப்பின் திரையில் வந்து வரையும்.

அந்தப் படம் காலையிலிருந்து இரண்டு தடவை பாதியில் நின்றுவிட்டது. முதல் தடவை காற்றில், இரண்டு கணினிக்கும் நடுவே இருக்கும் நெட் லைன் விட்டுப்போனது. இரண்டாவது தடவை, மாதாவுக்கு ஒரு மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு வரலாமென்று தொம்மை எழுந்து போனார். திரும்பி வருவதற்குள் லேப்டாப் தூங்கிவிட்டது. படமும் போயிற்று, கணக்கும் போயிற்று.

மூன்றாவதாக ஆரம்பித்தது பன்னிரண்டே காலுக்கு. இப்போது பன்னிரண்டு முப்பத்தைந்து.

"நாலு நாளா ஒரு வள்ளமும் இறங்கல. ஊரே என் வாயைப் பாத்துக்கிட்டு நிக்குது" என்றார் தொம்மை.

ஊர் மட்டும் இல்லை. அவர் மகன் கஸ்பாரும் நின்றான். போன கார்த்திகையில் வள்ளம் கவிழ்ந்து, ஒரு டீசல் கேனைக் கட்டிப்பிடித்துக்கொண்டு விடியும்வரை மிதந்தவன். இன்றைக்கு முதல் தடவையாகத் திரும்பவும் போகிறான்.

அவன் ஜன்னலில் தலையை நீட்டினான். "என்னப்பா, மவுஸுக்குத் தாலாட்டா?"

"போலே அங்கிட்டு."

"நாலு மணிக்குச் சொல்லிருவீரா? ஐஸ் கட்டி கரையுது."

"போன்னு சொன்னேன்ல!"

அவன் சிரித்துக்கொண்டே போனான். தொம்மை மவுஸைத் தள்ளினார்.

"சிஸ்டர், அந்த மிஷினுக்கு ஒரு திரை வாங்கி மாட்டிருவோம். நான் அங்கயே போயி உக்காந்து பாத்துக்கிடுதேன்."

"அதுக்கு இருக்கிற மூச்சு கணக்குப் போடத்தான் காணும். திரைன்னு முகத்தையும் அலங்காரத்தையும் மாட்டிவிட்டா, கணக்குப் போடாம முகத்தைத்தான் சுமந்துகிட்டு நிக்கும்."

"அப்ப என்னதான் செய்யட்டும்?"

"அது யாரு திரையில வரையுது?"

"என் திரையில."

"உங்க திரை போயிட்டா?"

"நின்னுருது."

"கணக்கு அங்கதானே நடக்குது? அது ஏன் நிக்கணும்?"

"வரைய இடமில்லன்னா கணக்கும் நின்னுருது போல" என்று தொம்மை மவுஸைத் தள்ளினார்.

"கொஞ்சம் நகருங்க" என்றார் சிஸ்டர்.

நகர்ந்தார். சிஸ்டர் இரண்டு விசைகளை அழுத்தினார். இருபத்தைந்து நிமிஷமாக வளர்ந்துகொண்டிருந்த படம் திரையிலிருந்து காணாமல் போனது.

"மாதாவே! என்ன செஞ்சிட்டீங்க சிஸ்டர்!"

சிஸ்டர் நாலைந்து வரி தட்டி, கணக்கை மறுபடி முதலிலிருந்து ஓடவிட்டார். பிறகு லேப்டாப்பின் மூடியைச் சாத்தினார்.

தொம்மை சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். "இப்ப மணி பன்னெண்டு நாப்பது. மூணு மணி நேரம். இனி ஒரு தடவை நின்னா இன்னைக்கு ஒண்ணும் கிடையாது."

"தெரியும் அண்ணே."

"எங்கதான் வரையுது அது?"

"அந்த மிஷினுக்குள்ளயே ஒரு திரையை விரிச்சுக் குடுத்திருக்கேன். கண்ணாடியும் கிடையாது, வெளிச்சமும் கிடையாது. யாரும் பாக்காத திரை. அதில வரையும்."

"யாரும் பாக்காம எப்படி வரையும்?"

"திறந்து பாருங்க."

தொம்மை மூடியைத் திறந்தார். சிஸ்டர் ஒரு வரி தட்டியதும் படம் வந்தது. இடது ஓரத்தில் நகக்கண் அளவுக்கு ஒரு கோடு. சிஸ்டர் மறுபடி சாத்தினார்.

சிஸ்டர் பள்ளிக்கூடத்துக்குப் போய்விட்டார். தொம்மை ஜெபமாலையில் பத்து மணி உருட்டினார். பொறுக்கவில்லை. மூடியைத் திறந்து, அந்த வரியை அவரே தட்டினார். கோடு விரல் அளவுக்கு வளர்ந்திருந்தது. சாத்தினார். எழுந்தார். உட்கார்ந்தார். திறந்தார். இன்னும் வளர்ந்திருந்தது.

ஒன்றரை மணிக்குக் காற்று ஓங்கி அடித்ததில் லைன் மறுபடி விட்டுப்போனது. தொம்மை மண்டியிட்டார். என்ன ஜெபம் சொன்னார் என்று அவருக்கே தெரியாது. லைன் திரும்பி வர இருபது நிமிஷம் ஆயிற்று. அந்த வரியைத் தட்டினார்.

லைன் இல்லாத இருபது நிமிஷத்துக்கான கோடும் வளர்ந்திருந்தது.

அதற்குப் பிறகு அவர் இரண்டு தடவைதான் திறந்தார்.

மூன்று நாற்பதுக்குச் சிஸ்டர் வந்தார். இருவரும் சேர்ந்து பார்த்தார்கள். முழுப்படமும் வந்திருந்தது. நாளை மதியம்வரை அலையின் கோடு ஆபத்தைக் காட்டும் சிவப்புக்குக் கீழேயே போனது. வள்ளம் இறங்கலாம்.

தொம்மையின் முகம் தெளியவில்லை.

"என்னண்ணே?"

"இன்னொரு தடவை ஓட்டிப் பாப்பமா சிஸ்டர்?"

"ஏன், கணக்குல சந்தேகமா?"

"கணக்குல இல்ல." ஜெபமாலையைக் கையில் சுற்றிக்கொண்டார். "காலையில இருந்து ஜெபிச்சேன் பாத்துக்கிடுங்க... படம் முடியணும்னு ஜெபிச்சேன். கடலுக்குப் போவக்கூடாதுன்னு அதுல வரணும்னும் ஜெபிச்சேன்."

சிஸ்டர் லேப்டாப்பை அவர் பக்கம் திருப்பினார்.

"ஓட்டலாம் அண்ணே. மூணு மணி நேரம் ஆகும். அதுவரைக்கும் ஊருக்கு என்ன சொல்ல?"

கோயில் மணி நாலு அடித்தது. தொம்மை மைக்கைப் பிடித்தார். இரண்டு தடவை வெறுமனே ஊதினார். பிறகு சொன்னார்: "இன்னைக்குக் கடலுக்குப் போகலாம். நாளை மதியம் வரைக்கும் அலை அடங்கியிருக்கும். எல்லாரும் லைஃப் ஜாக்கெட் போட்டுக்கிடுங்க." கடைசி வாக்கியம் படத்தில் இல்லை.

வள்ளங்கள் இறங்கின. கஸ்பார் திரும்பிப் பார்த்துக் கையை ஆட்டினான். எஞ்சின் சத்தம் தேய்ந்தது. பிறகு வள்ளம் புள்ளியானது. பிறகு புள்ளியும் இல்லை. தொம்மை போனை எடுத்து மகனைக் கூப்பிட்டார். தொடர்பு எல்லைக்கு அப்பால் இருக்கிறார் என்றது ஒரு பெண் குரல். மறுபடி கூப்பிட்டார். மறுபடி அதே குரல்.

சிஸ்டர் மணலில் வந்து பக்கத்தில் நின்றார்.

"கண்ணுக்குத் தெரியலையே சிஸ்டர்" என்றார் தொம்மை.

"அவங்களுக்கும் நாம தெரியமாட்டோம் அண்ணே. வலையை விரிச்சுக்கிட்டுத்தான் இருப்பாங்க."