மண்சுவரை உடைத்த குரல்

பெருங்காட்டில் உயர்ந்த மரம் ஒன்றின் பொந்தில் கொம்பன், மருதி என்ற இரண்டு இருவாச்சிப் பறவைகள் குடியிருந்தன.

இருவாச்சிகளுக்கு ஒரு வழக்கம் உண்டு. முட்டையிடும் காலத்தில் பெண் பறவை பொந்துக்குள் போய், வாசலை மண்ணால் பூசி அடைத்துக்கொள்ளும். அலகு நுழைகிற அளவுக்கு ஒரு சந்துதான் மிச்சம். ஆண் பறவை அதன் வழியே பழம் ஊட்டும். உள்ளே இருப்பவளுக்குப் பழைய சிறகுகள் உதிர்ந்து புதியவை முளைக்கும். அதுவரை அவளால் பறக்க முடியாது. குஞ்சு வளரும்வரை அந்த மண்சுவர்தான் காவல்.

மருதியின் குஞ்சு பொரித்துச் சில நாட்கள் ஆகியிருந்தன. அதை மோப்பம் பிடித்து ஒரு மரநாய் வந்தது. சுவரைப் பிறாண்டியது. சந்து வழியே மருதி அலகால் ஒரு போடு போட்டாள். மூக்கில் ரத்தம் வழிய மரநாய் கீழே இறங்கியது.

"நம்மால இதை உடைக்க முடியாது. அவளே உடைக்கணும்" என்று அது தனக்குள் சொல்லிக்கொண்டது.

அந்தக் காட்டில் ஒரு கரிச்சான் குருவி இருந்தது. எந்தக் குரலைக் கேட்டாலும் அச்சு அசலாக அப்படியே பேசும். மரநாய் அதனிடம் போனது.

"எனக்குக் கொம்பனோட குரல் வேணும். தினமும் மரப்பட்டையை உரிச்சு உனக்குப் புழு தர்றேன்."

"எதுக்கு?"

"அது உனக்கு எதுக்கு?"

கரிச்சான் மேற்கொண்டு கேட்கவில்லை. வாயை மூடிக்கொண்டிருக்கத்தானே கூலி!

மறுநாள் கொம்பன் அத்திமரத்தில் பழம் பறித்துக்கொண்டிருந்தான். கரிச்சான் பக்கத்தில் வந்து உட்கார்ந்தது.

"அண்ணே, இந்தக் காட்டுல உங்க குரல் மாதிரி இன்னொண்ணு கிடையாது. அண்ணியை எப்படிக் கூப்பிடுவீங்க?"

"ராசாத்தின்னு கூப்பிடுவேன்."

"ஒரு தடவை கூப்பிட்டுக் காட்டுங்களேன்."

கொம்பனுக்குத் தலைகால் புரியவில்லை. ஒரு தடவை கேட்டதற்கு நாலு தடவை கூப்பிட்டான். கோபம் வந்தால் எப்படி, பயந்தால் எப்படி என்றுகூடக் கத்திக் காட்டினான். புகழ்ச்சிக்கு மயங்கியவன் வீட்டுச் சாவியைத் தூக்கிக் கொடுத்துவிட்டான், அவ்வளவுதான்.

அன்று மத்தியானம் மரத்தடிப் புதரிலிருந்து ஒரு அலறல் கேட்டது.

"ராசாத்தி, கண்ணியில மாட்டிக்கிட்டேன். வேடன் வர்றான். கீழ வந்து கயித்தைக் கடிச்சு விடு!"

மருதி அலகைச் சுவரில் வைத்தாள். பக்கத்துக் கிளையில் குடியிருந்த மலை அணில் ஓடி வந்தது.

"அவசரப்படாதேக்கா. அண்ணன் அத்திமரத்துக்குத்தான் போனாரு. நான் போய்ப் பார்த்துட்டு வர்றேன்."

"அணில் பேச்சைக் கேட்காதே" என்றது அந்தக் குரல். "கண்ணியைக் காட்டிக் கொடுத்ததே அவதான். நீ வர்றதுக்குள்ள என்னைக் கொன்னுடுவாங்க ராசாத்தி!"

தன் கணவன் தன்னைக் கூப்பிடும் பேர் வேறு யாருக்குத் தெரியும்? மருதி அணிலை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. மண்சுவரை அலகால் கொத்திக் கொத்தி உடைத்தாள். குஞ்சு அவள் காலடியில் ஒட்டிக்கொண்டு கத்தியது. "அப்பாவைக் கூட்டிக்கிட்டு வந்துடுறேன்டா" என்று சொல்லிவிட்டு வெளியே பாய்ந்தாள்.

சிறகு விரியவில்லை. கிளைகளில் அடிபட்டுத் தரையில் விழுந்தாள். தள்ளாடி எழுந்து புதருக்குள் தேடினாள். அங்கே கண்ணியும் இல்லை, கொம்பனும் இல்லை. ஒரு கரிச்சான் மட்டும் பறந்து போனது.

"அம்மா!"

அந்தச் சத்தம் மேலே பொந்திலிருந்து வந்தது. மருதி எம்பினாள், விழுந்தாள். மறுபடியும் எம்பினாள். அவள் கண்ணெதிரே மரநாய் குஞ்சை வாயில் கவ்விக்கொண்டு மரத்தின் மறுபக்கம் இறங்கிப் போயிற்று.

கொம்பன் வாய் நிறையப் பழத்தோடு வந்து சேர்ந்தான். உடைந்த சுவரைப் பார்த்தான். கீழே மருதியைப் பார்த்தான்.

"ஏன் திறந்தே?"

"நீங்கதானே கூப்பிட்டீங்க."

"நான் கூப்பிடவே இல்லையே."

"உங்க குரல்தாங்க. ராசாத்தின்னு கூப்பிட்டுச்சு."

கொம்பனுக்கு அத்திமரத்துக் கரிச்சான் நினைவுக்கு வந்தது. அவன் மருதியை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்ட அவனுக்கு என்ன யோக்கியதை இருந்தது?

அடுத்த பருவத்தில் மருதி மறுபடியும் பொந்துக்குள் அடைந்துகொண்டாள். அதற்கு முன் இருவரும் ஒரு ஏற்பாடு செய்துகொண்டார்கள். யார் குரல் கேட்டாலும் "அலகை நீட்டு" என்பதைத் தவிர வேறு பதில் கிடையாது. கொம்பன் சந்துக்குள் அலகை நீட்டுவான். அந்த அலகின் ஓரத்திலிருந்த பழைய வெடிப்பை மருதி தன் அலகால் தடவிப் பார்த்த பிறகுதான் பேச்சு. அப்போதும் சுவரை உடைப்பதானால், அணில் போய் நேரில் பார்த்து வந்து சொல்ல வேண்டும்.

புதுக்குஞ்சு பொரித்தது. ஒருநாள் சந்துக்கு வெளியே ஒரு குரல் கேட்டது. கொம்பனின் குரல் அல்ல.

"அம்மா, நான்தான். தப்பிச்சு வந்துட்டேன். குளிருதும்மா. திறம்மா."

செத்துப்போன பிள்ளையின் குரல். கரிச்சான் அன்று அதையும் கேட்டு வைத்திருந்தது.

மருதியின் அலகு தானாகவே சுவருக்குப் போனது. அழுதுகொண்டே அதைப் பின்னுக்கு இழுத்தாள்.

"அலகை நீட்டுடா" என்றாள்.

எதுவும் உள்ளே வரவில்லை. "அம்மா, அம்மா" என்று அந்தக் குரல் பொழுது சாயும்வரை கெஞ்சியது. மருதி புதுக்குஞ்சைத் தன் உடம்பால் மூடிக்கொண்டு, திறக்காமல், கேட்டுக்கொண்டே இருந்தாள்.

பெற்ற பிள்ளையின் குரலே ஆனாலும், பதறவைத்து அவசரப்படுத்தினால், வீட்டார் பேசி வைத்த அடையாளத்தைச் சரிபார்க்காமல் கதவைத் திறக்கக் கூடாது.