ஆறின தோசை

மெர்சிலின் டீச்சருக்கு வயது முப்பதைத் தொடவில்லை. அவரிடம் கேக் செய்யப் படிக்க வருகிற பெண்கள் எல்லாரும் அவரைவிட மூத்தவர்கள். சனிக்கிழமைதோறும் அவர் வீட்டு மாடியில் வகுப்பு நடக்கும். வீட்டில் ஓவன் இல்லாதவர்களுக்குக் குக்கரில் மணல் பரப்பிக் கேக்கை வேகவைக்கவும் சொல்லிக்கொடுப்பார்.

டீச்சர் அதிகம் பேசமாட்டார். யாராவது கேள்வி கேட்டால், பெரும்பாலும் ஒரு கரண்டியைக் கையில் கொடுத்துவிடுவார்.

அங்கே வந்தவர்களில் ஒருவர் தங்கபுஷ்பம். அவர் வந்தது கேக்குக்காக இல்லை.

தங்கபுஷ்பத்தின் கணவர் தவசிலிங்கமும் மகன் இசக்கிராஜனும் பங்குனியிலிருந்து பேசிக்கொள்வதில்லை. அப்பா ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்த நேரம் பார்த்து, மகன் வாசலில் நின்ற முருங்கை மரத்தை வெட்டிவிட்டு, பைக் நிறுத்தத் தகரக் கொட்டகை போட்டுவிட்டான். அன்றைக்கு நின்ற பேச்சு. இப்போது ஆடி. ஆவணி பிறந்ததும் அவன் மஸ்கட்டுக்கு வேலைக்குப் போகிறான். அப்பா முகத்தைப் பார்க்காமலே போய்விடுவானோ என்று தங்கபுஷ்பம் பயந்தார்.

வீட்டில் கேக் செய்தால் குடும்பம் கூடும் என்று போனில் ஒரு சமையல் வீடியோவில் யாரோ ஒருத்தி சிரித்துச் சிரித்துச் சொன்னதைப் பார்த்துத்தான் அவர் வகுப்பில் சேர்ந்தார்.

அந்தச் சனிக்கிழமை பையை மேசையில் டப்பென்று வைத்தார்.

"கேக் செஞ்சேன் டீச்சர்."

"நல்லா வந்துச்சா?"

"பஞ்சு மாதிரி வந்துச்சு. என்ன பிரயோஜனம்? பாதியை ஹால்ல அவுகளுக்குக் கொடுத்தேன். மீதியை மாடிக்குக் கொண்டுபோய் மகனுக்குக் கொடுத்தேன். ரெண்டு பேரும் ஒரு துணுக்கு மிச்சம் வைக்கல. ஆளுக்கொரு மூலையில தின்னுட்டுத் தட்டை என் கையில தந்தாவ."

"வெட்டும்போது தூளாப் போகலையா?"

"கொஞ்சம் உதுந்துச்சு. குக்கர்ல இருந்து எடுத்த சூட்டோட வெட்டினேம்லா."

டீச்சர் கண்ணை மூடித் திறந்தார்.

"கேக்கை ஆறவிட்டு வெட்டணும்னு எத்தனை தடவ சொல்லியிருக்கேன் அக்கா?"

"ஆறினதை எப்படிக் கொடுக்க? எங்க வீட்டுல பச்சத்தண்ணியைத் தவிர எதையும் ஆறி யாரும் தின்னதில்ல."

மற்ற பெண்கள் சிரித்தார்கள். தங்கபுஷ்பம் சிரிக்கவில்லை.

"சிரிக்காதிய. ஒரு வாரமா நான் படுற பாடு எனக்குத்தான் தெரியும். அவனுக்குப் பிடிக்குமேன்னு பிரியாணி பண்ணேன். அவுகளுக்குப் பிடிக்குமேன்னு கருவாட்டுக் குழம்பு வச்சேன். கொழுக்கட்டை அவிச்சேன். அதிரசம் சுட்டேன். எல்லாத்தையும் தின்னுதாவ. ஒண்ணா உக்கார மட்டும் மாட்டேங்காவ. நீங்களே சொல்லுங்க டீச்சர். குறை என் கைப்பக்குவத்துலயா, எம் புருசங்கிட்டயா, பிள்ளைகிட்டயா?"

டீச்சர் முட்டை அடித்துக்கொண்டிருந்தார். கை நிற்கவில்லை.

"இன்னைக்குச் சாயங்காலம் உங்க வீட்டுல என்ன?"

"தோசை."

"நான் வாரேன்."

பொழுது சாய டீச்சர் வந்தார். ஹாலில் தவசிலிங்கம் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

"வாங்க டீச்சர்" என்றார். "ஏளா, டீச்சர் வந்திருக்காவ."

டீச்சர் ஹாலில் உட்காரவில்லை. நேராக அடுப்படிக்குப் போய் தங்கபுஷ்பம் பக்கத்தில் நின்றுகொண்டார். கல் காய்ந்துகொண்டிருந்தது.

"முதல்ல யாரைக் கூப்பிடுவீங்க?"

"அவுகளை. கல்லுல இருந்து எடுத்து நேரே தட்டுல போடணும் அவுகளுக்கு. நாலு தோசை. தின்னுட்டுக் கை கழுவிட்டு ஒரு செருமல் செருமுவாவ. அந்தச் சத்தம் கேட்டுத்தான் மாடியில இருந்து அவன் இறங்குவான். அவனுக்கு முறுகலாச் சுடணும்."

"செருமல் கேக்கலைன்னா?"

"இறங்கமாட்டான். அப்படியே இறங்கிட்டாலும், 'ஏல, இன்னும் மாவு கலக்கலை, பொறுத்து வா'ன்னு நான் திருப்பி அனுப்பிருவேன்."

"ஒருத்தருக்கு ஒருத்தர் சொல்லவேண்டியது இருந்தா?"

"நான் எதுக்கு இருக்கேன்? 'கேஸ் தீந்துபோச்சாம், அவனைப் பதியச் சொல்லு'ம்பாவ. மாடி ஏறிச் சொல்லுவேன். 'பதிஞ்சாச்சுன்னு சொல்லுங்கம்மா'ம்பான். இறங்கிவந்து சொல்லுவேன். முழங்கால் தேஞ்சுபோச்சு டீச்சர்."

"பங்குனியில இருந்து ஒரு நாள்கூட ரெண்டு பேரும் எதிரெதிர வரலையா?"

"ஒரு நாள் வரணுமே!" தங்கபுஷ்பத்தின் குரலில் கொஞ்சம் பெருமை இருந்தது. "வந்தா சண்டைலா வரும்? நான் அப்படி வர விடுவேனா?"

டீச்சர் அவர் முகத்தையே பார்த்தார். பிறகு மாவுச் சட்டியைப் பார்த்தார்.

"அத்தனை மாவையும் சுடுங்க."

"முதல் தோசையைப் போட்டு அவுகளைக் கூப்பிட்டுட்டு..."

"யாரையும் கூப்பிடவேண்டாம். எல்லாத்தையும் சுட்டு ஒரே தட்டுல அடுக்குங்க."

"ஆறிப்போகும் டீச்சர்!"

"போகட்டும்."

"விறைச்சுப்போகும்!"

"சுடுங்க அக்கா."

தங்கபுஷ்பம் சுட்டார். ஒவ்வொரு தோசையாக அடுக்கும்போதும் யாருக்கோ கெடுதல் செய்கிறவர் மாதிரி தோசையை வைத்துவிட்டுக் கையை எடுத்தார். கடைசி தோசை மேலே ஏறியபோது, அடியில் கிடந்தது வியர்த்துப்போய் மற்றதோடு ஒட்டிக்கொண்டிருந்தது. டீச்சர் அடுப்பை அணைத்தார். தோசைத் தட்டையும் சட்னிச் சட்டியையும் தூக்கிக்கொண்டு ஹாலுக்குப் போய், தரையில் நடுவே வைத்தார். சுற்றி நான்கு தட்டுகள் வைத்தார். பிறகு ஊருக்கே கேட்கிற மாதிரி கூப்பிட்டார்.

"அண்ணாச்சி, சாப்பிட வாங்க! தம்பி, நீயும் வா! எனக்குப் பசிக்கு!"

விருந்தாளி தட்டின்முன் உட்கார்ந்தபிறகு வீட்டுக்காரர்கள் எங்கே போவார்கள்? தவசிலிங்கம் பேப்பரை மடித்தார். இசக்கிராஜன் படியில் பாதி இறங்கி, அப்பாவைப் பார்த்து நின்று, டீச்சரைப் பார்த்து மீதியும் இறங்கினான். ஆளுக்கொரு பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்தார்கள்.

தங்கபுஷ்பம் கரண்டியோடு நின்றார்.

"நீங்களும் உக்காருங்க."

"பரிமாறணுமே?"

"எல்லாம் கையெட்டுற தூரந்தான்."

எல்லாம் எட்டியது. சட்னிச் சட்டி மட்டும் மகன் பக்கம் இருந்தது.

தவசிலிங்கம் சுவரைப் பார்த்து, "ஏளா, அந்தச் சட்னியைத் தள்ளச் சொல்லு" என்றார்.

தங்கபுஷ்பம் மகன் பக்கம் திரும்பி வாயைத் திறந்தார். டீச்சர் ஒரு பெரிய தோசைத் துண்டை அந்த வாயில் வைத்தார்.

"அக்கா சாப்பிடுதாவ அண்ணாச்சி."

தங்கபுஷ்பம் மென்றார். ஆறின தோசை லேசில் மெல்ல முடியவில்லை. தவசிலிங்கம் காத்திருந்தார். இசக்கிராஜன் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். அம்மா இன்னும் மென்றுகொண்டுதான் இருந்தார்.

கடைசியில் இசக்கிராஜன் ஒரு விரலால் சட்னிச் சட்டியை அப்பா பக்கம் நகர்த்தினான்.

தவசிலிங்கம் சட்னியைத் தொட்டு ஒரு வாய் தின்றார். முகம் சுளித்தார்.

"என்னளா இது? செருப்புத் தோல் மாதிரி இருக்கு?"

இசக்கிராஜன் தட்டைப் பார்த்தபடியே, "தோல் அறுந்திரும். இது அறாது" என்றான்.

தவசிலிங்கம் தோசையை இரண்டு கையாலும் பிய்த்தார். டீச்சர் இன்னொரு தோசை எடுத்துப் போட்டுக்கொண்டார். சாப்பிட்டு முடித்துப் போகும்போது வாசலில் தங்கபுஷ்பத்திடம், "நாளைக்கும் இப்படியே. நீங்களும் உக்காரணும். அடுப்படிக்கு எந்திரிச்சுப் போகக்கூடாது" என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டார்.

அடுத்த சனிக்கிழமை தங்கபுஷ்பம் வகுப்புக்கு எல்லாருக்கும் முன்னால் வந்தார். மூச்சு வாங்கியது. கண் சிவந்திருந்தது.

"டீச்சர், உங்க பேச்சைக் கேட்டு நான் கெட்டேன்."

டீச்சர் மாவு சலித்துக்கொண்டிருந்தார்.

"என்னாச்சு?"

"என்னாச்சா? நீங்க சொன்னபடிக்கு எல்லாத்தையும் ஆக்கி நடுவுல வச்சுட்டு நானும் உக்காருதேன். நேத்து இட்லி. அவன் சொல்லுதான், 'மஸ்கட்டுக்கு இதுல ரெண்டு குடும்மா, அங்க ரோடு போட ஆகும்'ங்கான். அவுக விடுதாவளா? 'ஏல, இட்லியைப் பெட்டியில வைக்காத, வெயிட் கூடுதல்னு பிளேன்ல இறக்கிவிட்ருவானுவ'ங்காவ. அதுக்கு அவன், 'அப்பா, உங்க பல்லு தாங்குதா?'ன்னு கேக்கான். அவுக 'முருங்கைக்காய் கடிச்சு வளந்த பல்லுடா, நீதான் அதையும் வெட்டிட்டியே'ங்காவ. அவன் 'தகரத்தைப் பிரிச்சிட்டு ஒரு முருங்கைக் கொம்பு ஊண்டிட்டுப் போறேன், போதுமா'ங்கான்."

தங்கபுஷ்பம் முந்தானையால் முகத்தைத் துடைத்தார்.

"கல்யாணம் ஆன நாள்ல இருந்து அடுப்பு முன்னால நின்னு வேர்த்துக் கொட்டி, சூடு குறையாமச் சுட்டுப் போட்ட கை இது. ஒருநாள்கூட நல்லாருக்குன்னு ரெண்டு வார்த்தை சொன்னதில்ல. ஒரு வாரம் ஆறினதை வச்சதுக்கு அப்பனும் மகனும் சேந்துக்கிட்டு என்னை என்ன ஏச்சு ஏசுதாவ தெரியுமா டீச்சர்!"

டீச்சர் சல்லடையைக் கீழே வைத்தார்.

"சேந்தா?" என்று கேட்டார்.